மூக்குக்கு எட்டாதது

சமையல் கேஸுக்கு வாடை கிடையாது. சிலிண்டருக்குள் இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும் எவ்வளவு முகர்ந்தாலும் மூக்குக்குப் பிடிபடாது. ரெகுலேட்டர் சரியாக உட்காராத நாளில் அடுப்படியில் குப்பென்று அடிக்கிறதே, அழுகிய முட்டைக்கோஸ் வாடை, அது எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்துடையது. அதை வேண்டுமென்றே கலந்து அனுப்புகிறார்கள். காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

கலக்கச் சொல்லிச் சட்டம் வந்ததற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக் கட்டடத்தின் தரைக்கு அடியில் இயற்கை எரிவாயு கசிந்து சேர்ந்து வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அத்தனை பேர் இருந்த கட்டடத்தில் ஒருவருக்கும் வாடை வரவில்லை, வருவதற்கு வாடையே இல்லை. அதே ஆண்டில் எரிவாயுவுக்கு நாற்றம் சேர்ப்பது டெக்சஸில் சட்டமாயிற்று.

பொதுமக்களுக்கு விடப்படும் ஆபத்து அறிவிப்புகளிலேயே மிகச் சிறந்தது இந்த நாற்றம்தான் என்பது என் எண்ணம். படிக்கத் தெரிய வேண்டாம். மலாயா, சீனமா, தமிழா என்ற கேள்வி இல்லை. ஆபத்து வருகிற அதே நிமிடத்தில் அதுவும் வருகிறது. என்ன செய்வது என்றும் உடனே தெரிந்துவிடுகிறது: சன்னலைத் திற, தீக்குச்சியை உரசாதே. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா அறிவிப்புகளையும் இந்த முட்டைக்கோஸ் வாடையோடு வைத்துத்தான் அளக்கப்போகிறேன்.

மலேசிய ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு மூக்கு நல்ல தோழன். பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்தில் முப்பது வருடம் இருந்து பால்மரம் வெட்டியவர் என் பெரியம்மா. பால் உறையாமல் இருக்க ஊற்றும் அம்மோனியா கண்ணைக் கரிக்கும். அதே பாலை உறைய வைக்க ஊற்றும் பார்மிக் அமிலம் தொண்டையைப் பிடிக்கும். மூட்டையில் கிடந்து ஊறும் ஒட்டுப்பாலின் நாற்றத்தைச் சொல்லி விளக்க முடியாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஸ்டோரில் இன்று என்ன வேலை நடக்கிறது என்று வாசற்படியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார்.

அவர் மூக்கை ஏமாற்றிய ஒன்று உண்டு. அதை ஏமாற்றியது சொல் என்றும் சொல்லலாம். நிரையில் புல்லுக்கு அடிக்கிற பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தோட்டத்தில் யாரும் விஷம் என்று சொன்னதில்லை. ‘மருந்து’ என்றுதான் சொல்வார்கள். ‘மருந்தடிக்கப் போறேன்’ என்று முதுகில் தோம்பைக் கட்டிக்கொண்டு போன பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ஒரு மிடறு உள்ளே போனால் நுரையீரலை இறுக்கிக் கொல்லும் சரக்கு அது. யாரும் தவறிக் குடித்துவிடாமல் இருக்கத் தயாரித்தவர்களே அதில் நாற்றமும் நிறமும் வாந்தி வரவைக்கும் பொருளும் சேர்த்தார்கள். மெர்காப்டன் வித்தையேதான். ஆனால் பெயரே மருந்தாக இருக்கும்போது நாற்றம் என்ன செய்யும்? மருந்தென்றால் நாறத்தானே செய்யும். மலேசியா 2002-ல் பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-ல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல் மறுபடியும் தடை. அதற்குள் தோட்டங்களே பாதிக்கு மேல் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன.

இனி வாடையே இல்லாத காற்றுக்கு வருவோம். ஈப்போவிலிருந்து பத்து காஜா போகும் வழியில், மெங்லெம்புவைத் தாண்டி லஹாட் வருவதற்குள் புக்கிட் மேரா. மலாயா அவசரகாலத்தில் முள்கம்பி போட்டு உருவாக்கிய சீனப் புதுக்கிராமங்களில் ஒன்று. சுற்றிலும் பழைய வெள்ளீயச் சுரங்கங்கள் (லம்பங்கள்), அவை விட்டுப்போன குட்டைகள், அப்பால் ரப்பர் தோட்டங்கள். இந்தக் கிராமத்தையொட்டி 1982-ல் ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை ஓடத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலுக்கு அதில் 35 விழுக்காடு, பே மினரல்ஸ் நிறுவனத்துக்கு 35, தாபோங் ஹாஜி யாத்திரை நிதிக்கு 20.

வெள்ளீயம் அலசிய பிறகு மிஞ்சும் கனமான கறுப்பு மணலுக்கு லம்பத்தில் ‘அமாங்’ என்று பெயர். பல காலம் அதைக் கழிவென்று குவித்துவைத்திருந்தார்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. மோனசைட்டை அமிலத்தில் வேகவைத்துப் பிரித்தால் அருமண் உலோகங்கள் கிடைக்கும். கலர் டிவியின் சிவப்புக்கு யிட்ரியம் தேவைப்பட்ட காலம் அது. அருமண்ணை எடுத்தபின் பாத்திரத்தின் அடியில் நிற்பது தோரியம் ஹைட்ராக்சைடு. பிற்காலத்தில் அணு உலைக்கு எரிபொருளாகும் என்ற நம்பிக்கையில் அதை மாநிலத்தின் சேமிப்பாக வைத்துக்கொள்வது என்பதுதான் முதல் திட்டம். ஆக, ஏட்டில் அது கழிவுகூட இல்லை, செல்வம். தோட்டத்து ‘மருந்து’க்கு இது அண்ணன் முறை.

ஆலை ஓடத் தொடங்கியபின் ஊர்க்காரர்கள் புகையையும் நாற்றத்தையும் பற்றிப் புகார் சொன்னார்கள். தொண்டை அடைத்தது, கண்ணில் நீர் வந்தது. அது அமிலத்தின் வேலை. மூக்கு தன் கடமையைச் செய்தது, ஆனால் சொன்னது பாதிச் செய்திதான். மீதியைச் சொல்ல மூக்கால் ஆகாது.

அந்த மீதியின் பெயர் தோரான். தோரியம்-232 சிதைந்து சிதைந்து வேறு தனிமங்களாக மாறிக்கொண்டே போகும் படிக்கட்டில் நடுப்படி ஒன்று வாயு. ரேடான்-220 என்பது அதன் முறையான பெயர். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிட ஏழரை மடங்கு கனம். அரை ஆயுள் 55.6 நொடி. அதாவது ஒரு நிமிடத்துக்குள் பாதி அழிந்துவிடும், பத்து நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ‘அப்படியானால் என்ன பயம்? வேலியைத் தாண்டுவதற்குள் செத்துவிடுமே!’ என்று தோன்றும். மெல்லிய காற்று நொடிக்கு இரண்டு மீட்டர் போகிறது என்று வையுங்கள். ஒரு அரை ஆயுளுக்குள் தோரான் நூறு மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. சாகும்போது அது சும்மா சாவதில்லை, வாரிசை விட்டுப்போகிறது. ஈயம்-212 என்ற அந்த வாரிசின் அரை ஆயுள் 10.6 மணி நேரம். அது வாயு இல்லை, தூசியில் ஒட்டிக்கொண்டு தூசி போகிற இடமெல்லாம் போகும், மூச்சோடு உள்ளே போய் நுரையீரல் சுவரில் உட்காரும். அங்கே அது பிஸ்மத்தாகி, பொலோனியமாகி, ஆல்பா துகளை வீசுகிறது.

இதைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. ஒரு சிறு பம்பால் காற்றை இழுத்து வடிதாள் வழியே விடுவார்கள். தூசி தாளில் படியும். அந்தத் தாளில் எவ்வளவு ஆல்பா துகள் வருகிறது என்று காலையில் ஒருமுறை எண்ணுவார்கள். மாலையில் மறுபடி எண்ணுவார்கள். சாதாரண ரேடானின் வாரிசுகள் அதற்குள் காணாமல் போயிருக்கும். அவற்றுக்கு அரை மணி நேரத்து ஆயுள்தான். மாலையிலும் ஏறக்குறைய பாதி எண்ணிக்கை நின்றால் தாளில் இருப்பது தோரானின் பிள்ளை. ஒரு தாள், ஒரு எண்ணி, ஒரு நாள் பொறுமை, இவ்வளவுதான் வேண்டும்.

தடுப்பதும் பெரிய வித்தை இல்லை. கழிவுக்கு மேல் ஒரு சாண் ஈரமண்ணைப் போட்டு மூடினாலே போதும், தோரான் மண்ணைத் துளைத்து மேலே வருவதற்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். காமாக் கதிரை நிறுத்த இன்னும் பருமனான மூடி வேண்டும், அது வேறு விஷயம். நான் சொல்ல வருவது, இது முன்பே தெரிந்திருந்தால் சாதாரண மனிதர்கள் செய்யக்கூடியது ஏதோ இருந்தது. பிள்ளைகள் விளையாடும் இடத்தை மாற்றலாம். ‘மூடி போட்டீர்களா?’ என்று வாசலில் நின்று கேட்கலாம்.

அப்படிக் கேட்டவர்கள் முதலில் பக்கத்து ஊர்க்காரர்கள். கழிவைப் புதைக்கப் பாப்பான் நகரத்தருகே குழி வெட்டுகிறார்கள் என்று தெரிந்ததும், 1984 மே 31 அன்று பாப்பானையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த 6,700 பேர் கையெழுத்திட்டு அரசுக்கு மனு அனுப்பினார்கள். அதே ஆண்டு ஜப்பானிய மரபியல் அறிஞர் சடாவோ இச்சிகாவா கருவியோடு வந்து ஆலையைச் சுற்றி அளந்தார். அனுமதிக்கப்பட்ட அளவைப்போல 88 மடங்கு என்று ஓரிடத்து அளவை அறிவித்தார். அரசுத் தரப்போ பாதுகாப்பானது என்றே சொல்லி வந்தது. ஊர் முதன்முதலாக ஒரு எண்ணைக் கேட்டது வெளிநாட்டுக்காரர் வாயிலிருந்து.

அந்த ஆண்டு டிசம்பரில்தான் போபால். 2-ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் கிளம்பியது. ஊருக்கான அபாயச் சங்கு சிறிது நேரம் ஊதி அணைக்கப்பட்டது. சும்மா சும்மா ஊதி மக்களைக் கலவரப்படுத்தக் கூடாது என்பது ஆலையின் வழக்கமாக இருந்தது. கண் எரிச்சலில் விழித்தவர்கள் ஓடினார்கள். ஓடுகிறவன் அதிகம் மூச்சு வாங்குவான், அதிக விஷத்தையும் வாங்குவான். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொள்ளுங்கள், காற்றுக்குக் குறுக்கே நகருங்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். வாடையும் எரிச்சலும் தாராளமாக இருந்த விஷத்துக்கே இந்தக் கதி.

அதிலிருந்து அமெரிக்கா பாடம் படித்துக்கொண்டது. எந்த ஆலை எந்த நஞ்சை எவ்வளவு விடுகிறது என்பதை மக்களுக்குச் சொல்லவேண்டும் என்று 1986-ல் சட்டம் போட்டது. 1987 செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலம் இன்னும் ஒரு படி போனது: காற்றில் விடும் நஞ்சால் வரும் அபாயம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், பாதிக்கப்படக்கூடிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஆலையே தகவல் சொல்லவேண்டும்.

அதே 1987 செப்டம்பரில், 7-ஆம் தேதி, ஈப்போ உயர் நீதிமன்றத்தில் புக்கிட் மேரா வழக்கின் விசாரணை தொடங்கியது. ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் ஊருக்காக வழக்குப் போட்டது 1985 பிப்ரவரியில். அந்த ஆண்டு அக்டோபரிலேயே கழிவைப் பாதுகாப்பாக வைக்கும்வரை ஆலை ஓடக்கூடாது என்று இடைக்காலத் தடையும் வாங்கியிருந்தார்கள். 1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிம வாரியம் ஆலைக்கு உரிமம் கொடுத்தது. விசாரணை தொடங்கி ஐம்பது நாளில், அக்டோபர் 27 அன்று, ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். அவர்களில் ஊர்மக்களின் வழக்கறிஞரான, பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைச் சேர்ந்த மீனாட்சி ராமனும் இருந்தார். ஒரு கண்டத்தில் வீட்டுக்கு வீடு தகவல் அனுப்பச் சட்டம், இன்னொன்றில் தகவல் கேட்டவர்களின் வழக்கறிஞருக்குச் சிறை. இரண்டும் ஒரே பருவத்தில்.

65 நாள் விசாரணைக்குப்பின் 1992 ஜூலை 11 அன்று நீதிபதி பே சுவீ சின் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆலையைப் பதினான்கு நாளில் மூடச் சொன்னார். வழக்கின் தலைப்பிலேயே முதல் வாதியின் பெயரையடுத்து ‘காலமானவர்’ என்று குறித்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1993 டிசம்பர் 23 அன்று அந்தத் தீர்ப்பை மாற்றியது. இரண்டு காரணங்கள். ஆலைத் தரப்பு நிபுணர்கள் அந்த இடத்திலேயே சோதனை நடத்தியவர்கள், அதனால் அவர்கள் சாட்சியம் அதிக நம்பகமானது என்பது ஒன்று. ஊர்க்காரர்கள் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி உரிம வாரியத்திடமே போயிருக்கவேண்டும் என்பது மற்றொன்று.

முதல் காரணத்தைச் சற்றுக் கிட்டப் போய்ப் பாருங்கள். வேலிக்கு உள்ளே போய் அளக்கும் உரிமை யாருக்கு இருந்தது? அளவுமானி எவர் கையில் இருக்கிறதோ அவர் சொல் எடைபோடும். நீதிமன்றம் சட்டப்படி சொன்னதில் நான் குறுக்கிட வரவில்லை. அளக்கிற வசதியும் அறிவிக்கிற பொறுப்பும் ஒரே கையில் இருந்தால் ஊர்க்காரனுக்கு வடிதாள்கூட மிஞ்சாது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆலைக்கு வழக்கில் வெற்றி. ஆனால் 1994 ஜனவரியில் அதுவே மூடப்போவதாக அறிவித்துவிட்டது.

இனி கசப்பான கணக்கு. 11,000 பேர் வாழ்ந்த வட்டாரத்தில் ஐந்து ஆண்டுகளுக்குள் எட்டுப் பேருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டார்கள், ஏழு பேர் இறந்தார்கள் என்பது வெளிவந்த தகவல். ஆலை எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை. எட்டு என்பது அதிகமா? உலகச் சராசரியில் எல்லா வயதினரையும் சேர்த்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஐந்து, ஆறு பேருக்கு இந்த நோய் வருகிறது. 11,000 பேருக்கு ஐந்தாண்டில் சுமார் மூன்று. மூன்று எதிர்பார்க்கும் இடத்தில் வெறும் தற்செயலால் எட்டோ அதற்கு மேலோ வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு. அரிதுதான். ஆனால் மலேசியாவில் புதுக்கிராமங்கள் மட்டும் நானூறுக்கு மேல். அத்தனையும் இதே அளவு ஊர்கள் என்று வைத்துத் தேடினால் எங்கேயாவது நான்கைந்து ஊர்களில் தற்செயலாகவே எட்டு விழும். சுவரில் கண்டபடி கல்லெறிந்துவிட்டு, கற்கள் அதிகம் பட்ட இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு ‘குறி பார்த்து அடித்தேன்’ என்பதுபோல் ஆகிவிடும். ஆலைத் தரப்பு நிபுணர் எவரும் எடுக்கக்கூடிய வாதம் இது, தப்பும் இல்லை.

இதற்கு எதிர்வாதமும் அதே கணிதத்தில் இருக்கிறது. இங்கே வட்டம் கல் விழுவதற்கு முன்பே போடப்பட்டுவிட்டது. புக்கிட் மேராவை யாரும் நோய் எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, தோரியம் குவிந்த ஊர் என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது நானூறு ஊர்க் கணக்கு செல்லாது, நூற்றில் ஒன்று என்பதே நிற்கும். எனினும் எட்டு என்பது சிறு எண். அதை மட்டும் வைத்து ஆலைதான் காரணம் என்று நிறுவ முடியாது, ஆலை காரணமே இல்லை என்று துடைத்துவிடவும் முடியாது. நேர்மையான அறிவிப்பு என்றால் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் ஊருக்குச் சொல்லவேண்டும். ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்ற வாக்கியம் எந்தக் கணக்கிலிருந்தும் பிறப்பதில்லை.

கலிபோர்னியா ஆலைகள் வீடுகளுக்கு அனுப்பும் கடிதத்திலும் குறை இல்லாமல் இல்லை. பல மாவட்டங்களில் பத்து லட்சத்துக்குப் பத்து என்ற புற்றுநோய் அபாயத்தைத் தாண்டினால் கடிதம் வரும். அதன் பொருள்: இதே காற்றை, இதே இடத்தில், பல பத்தாண்டு சுவாசிக்கும் பத்து லட்சம் பேரில் கூடுதலாகப் பத்துப் பேருக்கு நோய் வரலாம் என்பது மேல்வரம்புக் கணிப்பு. புக்கிட் மேரா அளவுள்ள ஊருக்கு அது ஒரு ஆளில் பத்தில் ஒரு பங்கு. இதைப் படிக்கிற அம்மா என்ன செய்வார்? சன்னலைத் திறப்பதா, மூடுவதா? முட்டைக்கோஸ் வாடை சொல்லும் அளவுக்கு அந்தக் கடிதம் சொல்லாது. ஆனாலும் கடிதம் வரும் என்ற பயத்திலேயே பல ஆலைகள் வரம்புக்குக் கீழே இறங்கிக்கொண்டன. படிப்பவரைவிட அனுப்புகிறவரைத் திருத்துகிற கடிதம் அது.

நம் ஊரில் எண்ணையே பூட்டிவைத்த காலமும் உண்டு. 1997 புகைமூட்டத்தில் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே அபாயகரம். நாட்டின் பெயர் கெட்டுச் சுற்றுப்பயணிகள் வராமல் போவார்கள் என்று 1999 முதல் குறியீட்டை வெளியிடுவதை அரசு நிறுத்தியது. கருவிகள் அளந்துகொண்டுதான் இருந்தன, ஊருக்குத்தான் சொல்லவில்லை. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகமும் கோலசிலாங்கூரும் 500-ஐத் தாண்டி அவசரநிலைக்குப் போனபோதுதான் பூட்டு உடைந்தது. இப்போது கைப்பேசியில் ஈப்போவுக்கு இரண்டு நிலையங்கள் தெரிகின்றன, தாசேக்கும் பெகோவும். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: தூசிக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரி. காலையில் கிளெடாங் மலை கண்ணுக்கே தெரியாமல் புகை இறங்கியிருந்தாலும் எண் ‘மிதமானது’ என்று காட்டலாம். மாலையில் மழை பெய்து வானம் கழுவிவிட்டபின் ‘ஆரோக்கியமற்றது’ என்று எச்சரிக்கும். அதுவரை என் பெரியம்மாவின் மூக்குதான் வேகமான நிலையம்.

அந்தக் கிளெடாங் மலைத்தொடரில்தான் புக்கிட் மேராவின் மிச்சம் கிடக்கிறது. மிட்சுபிஷி கெமிக்கல் சுமார் 10 கோடி டாலர் செலவில் ஆலையைப் பிரித்து, கதிரியக்கம் பட்ட அடிமண்ணைப் பாறை தெரியும்வரை தோண்டி, 11,000 லோரி நடை அள்ளியது. 80,000-க்கும் மேற்பட்ட எஃகுப் பீப்பாய்களை மலையுச்சியில் புதைத்துக் களிமண்ணாலும் கருங்கல்லாலும் மூடுவது திட்டமாக இருந்தது. இம்முறை மூடி பருமனானதுதான்.

தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள். அண்டத்தின் வயதைவிட அதிகம். இங்கே எதையோ புதைத்திருக்கிறோம் என்று வருங்காலத்துக்கு எந்த எழுத்தில் எழுதிவைப்பது? தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு பழையவை. மொழி நம் தமிழ்தான். ஆனால் கல்லில் இருப்பது தமிழி எழுத்து, கல்வெட்டு படித்தவர் வந்து சொன்னால்தான் நமக்குப் புரியும். அந்த வேலைக்கு எழுத்தில்லாத ஒரு குறி இருக்கிறது: இப்போது மஞ்சள் பின்னணியில் வரும் மூன்று இதழ், 1946-ல் பெர்க்லி ஆய்வகத்தில் வரைந்தது. பலருக்கு அது புரியவில்லை என்று கண்டு, பன்னாட்டு அணுசக்தி முகமை 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிச் சோதித்து, 2007-ல் புதுக்குறி ஒன்றைச் சேர்த்தது. சிவப்பு முக்கோணம். மேலே கதிர் வீசும் மூவிதழ், கீழே ஒரு மண்டையோடு, பக்கத்தில் அம்புக்குறி காட்டும் திசையில் ஓடும் ஒரு மனிதன்.

இரண்டையும் கைப்பேசியில் பெரியம்மாவிடம் காட்டினேன். பழைய குறியைச் சற்று நேரம் பார்த்தார். ‘காத்தாடி மாதிரி இருக்கு. இல்ல, கேஸ் அடுப்பு பர்னரா?’ என்றார். புதுக்குறிக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.

‘ஓடச் சொல்லுது’ என்றார். பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டார்: ‘காத்து எந்தப் பக்கம்டா அடிக்குது?’